நாலு சமையக்காரரும் ஒரே உக்கிராண வாசலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, தள்ளித் தள்ளிப் போட்ட பதிவு இது. ஆரம்பத்துலயே சொல்லிடறேன், கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். அதுக்காக ஓடிடாதீங்க. கல்யாண வீட்டுல சமையக்கட்டுப் பக்கம் ஒரு தடவையாவது எட்டிப் பாத்திருந்தீங்கன்னா எல்லாம் புரியும். அதோட என் வண்டவாளம் ஒண்ணும் இதுல தண்டவாளம் ஏறுது. அதுக்காகவாவது படிங்க :-)

2004-ஆம் வருஷம். அப்ப எனக்குத் தரமணியில வேலை. டைடல் பார்க் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பறக்கும் ரயில் அந்த வருஷம்தான் திருவான்மியூர் வரைக்கும் வந்தது. தரமணியில ரயில் நிக்க இன்னும் மூணு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாங்கள்லாம் மத்திய கைலாஷ் சிக்னல்ல பஸ்ஸுல தொங்கிக்கிட்டு, பாதித் தூக்கத்தை அங்கயே முடிச்சுட்டு ஆபீசுக்கு வர்ற ஆளுங்க.

எங்க ஆபீசுக்குக் கூப்பிடு தூரத்துல, சிஐடி வளாகத்துல கணித அறிவியல் நிறுவனம் இருக்கு. மேட்சயின்ஸ்னு சொல்வாங்க. 1962-ல ஆரம்பிச்சது. டீ குடிக்கப் போறப்ப அந்தப் பக்கமா நடந்து போவோம். மரமும் நிழலுமா அமைதியா இருக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு ஒரு எழவும் தெரியாது.

அந்த வருஷம் ஜூன்ல ஒரு சேதி வந்தது. உலகத்தின் வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒண்ணு வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியாகும் (டாப்500னு பேரு). அந்த ஜூன் பட்டியல்ல 264-ஆவது இடத்துல மேட்சயின்ஸோட 'கப்ரு'. சிக்கிம், நேபாள எல்லையில இருக்கற இமயமலைச் சிகரத்தோட பேரு. 144 பெட்டி, பெட்டிக்கு ரெண்டு ஸியான் சிப், ஆக 288 ப்ராசஸர். வேகம் ஒரு டெராஃப்ளாப்பைத் தொட்டுட்டு அதுக்கு மேல ஒரு இழை. அதாவது ஒரு செகண்டுக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு!

நாம தினமும் டீக்குப் போற வழியில இப்படி ஒண்ணு ஓடுதான்னு எனக்கு ஒரே பெருமை. நானே கட்டின மாதிரி ஊருக்குப் போன் போட்டெல்லாம் சொன்னேன். ஆனா அந்தச் சேதியில என் மண்டையில ஏறினது ஒரே ஒரு நம்பர்தான். 288.

அதுதான் வினை.

எங்க ஆபீஸ்ல அப்ப ஒரு வெளிநாட்டு டெலிபோன் கம்பெனியின் பில்லிங் வேலை நடந்துக்கிட்டு இருந்தது. அன்னிக்குப் பேசின அத்தனை அழைப்பு விவரமும் ராத்திரி வந்து சேரும். யார் யாருக்குப் பேசினாங்க, எவ்வளவு நேரம், என்ன ரேட்டுன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கணக்குப் போடணும். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சா காலையில ஏழு மணி வாக்குல முடியும். அஞ்சு மணிக்குள்ள வேணும்னு அங்க இருந்து ஒரே குடைச்சல். ஓடினது ஒரு சாதாரண டெஸ்க்டாப் பெட்டிதான். 2.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என்ன பண்ணலாம்னு கேட்டார். எனக்கு அப்ப ஆறு வருஷ அனுபவம். டீம்ல ஹார்டுவேர் தெரிஞ்சவன்னு ஒரு பேரு வேற (கேபினைத் திறந்து ரேம் மாட்டத் தெரியும், அவ்வளவுதான் ஹி ஹி). கப்ரு ஜுரம் இன்னும் எறங்கல. "சார், நாலு ப்ராசஸர் சர்வர் ஒண்ணு வாங்கிடுவோம். எட்டு மணி நேரம் ரெண்டு மணி நேரமாயிடும்"னு சொன்னேன். சொன்னதோட விடாம, ரெண்டு பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தேன். நாலு ஸியான் எம்பி சிப், அதே 2.8 கிகாஹெர்ட்ஸ். எட்டு லட்சத்துக்கு மேல ஆச்சு. 2004-ல எட்டு லட்சம்!

பெட்டி வந்துச்சு. பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சோம். ப்ரோக்ராமை நாலு த்ரெட்டாப் பிரிச்சு எழுதற வேலை ஒரு தம்பிகிட்ட வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம், காலேஜ் முடிச்சு நேரா வந்தவன், இன்னும் ப்ரொபேஷன் முடியல. பேச்சு கம்மி. எதைச் செஞ்சாலும் ஒரு பேப்பர்ல கோடு போட்டு, எழுதி வெச்சுக்கிட்டுத்தான் செய்வான்.

மூணு வாரம் ராப்பகலா உக்காந்து எழுதி முடிச்சான். ஓட்டிப் பாத்தோம்.

ஏழேகால் மணி நேரம்.

மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும் அதேதான். எட்டு லட்சம் போட்டு, முழுசா முக்கால் மணி நேரம்கூட மிச்சமாகல.

ஒரு வாரம் கழிச்சு அந்தத் தம்பி டீக்கடையில என்கிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்தான். பழைய பெட்டியிலயும் புதுப் பெட்டியிலயும் ஓட்டி, எடுத்துக்கிட்ட நேரத்தை எழுதியிருந்தான். பழைய பெட்டி, ஏழு மணி ஐம்பது நிமிஷம். புதுப் பெட்டியில ஒரே த்ரெட் மட்டும் ஓட்டினா ஒன்பது மணி நாப்பது நிமிஷம். ரெண்டு த்ரெட், ஏழரை. மூணு, ஏழு மணி அஞ்சு நிமிஷம். நாலு, ஏழேகால். மூணை விட நாலு மெதுவா ஓடுது!

"அண்ணா, இது மத்திய கைலாஷ் மாதிரி இருக்குண்ணா. எத்தனை பஸ் விட்டாலும் சிக்னல்ல ஒண்ணு பின்னால ஒண்ணுதானே நிக்குது"ன்னான்.

எனக்கு அன்னிக்கு வேற டென்ஷன். "பாக்கறேன் தம்பி"ன்னு சொல்லி பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சேன். பாக்கல.

அடுத்த வாரம் மீட்டிங். மேனேஜருக்கு மேல இருக்கறவர் வந்திருந்தார். "எட்டு லட்சம் போட்டிருக்கோம், என்ன ப்ராப்ளம்?" மேனேஜர் சட்டுனு சொன்னார், "கோட் சரியா பேரலல் பண்ணலை போல சார், புதுப் பையன்." எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்: "ஆமா சார், கோடை ஒரு தடவை பாக்கணும்."

அவ்வளவுதான். ஒரே வரி. அதுல பொய்னு ஒரு வார்த்தை கிடையாது. கோடைப் பாக்க வேண்டியதுதான். ஆனா, பெட்டியையும் பாக்கணும்னு நான் சொல்லல. அந்தப் பெட்டியை வாங்கச் சொல்லி ரெண்டு பக்கம் எழுதினவன் நான். அந்தத் தம்பி மேசையோட அந்தக் கோடியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். ஒண்ணும் சொல்லல.

ப்ரொபேஷனை நீட்டிச்சாங்க. அந்த வேலையில இருந்து எடுத்துட்டாங்க. மூணு மாசத்துல ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டான். கடைசி நாள் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போனான், என்கிட்டயும்தான். "வர்றேண்ணா"ன்னான். நான் "ஆல் த பெஸ்ட்"னேன்.

2008 கடைசியில இன்டெல் கம்பெனி கோர் ஐ7னு ஒரு சிப் விட்டாங்க. அதுல பழைய 'ஃப்ரன்ட் சைடு பஸ்'ஸையே தூக்கிட்டாங்கன்னு ஒரே பேச்சு. ஏன் தூக்கினாங்கன்னு ஒரு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குச்சு. எழுந்து போய் அலமாரியில இருந்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தேன். உள்ள அந்தப் பேப்பர் இருந்தது. புத்தக அடையாளமா நாலு வருஷமா அதைத்தான் வெச்சிருந்திருக்கேன். பிரிச்சுப் பாத்தா, நேரக் கணக்குக்குக் கீழ, சின்னதா பென்சில்ல ஒரு கேள்வி:

'நாலு சிப்பும் மெமரிக்கு ஒரே வழியாவா போகுது?'

இப்ப சமையக்கட்டுக்கு வருவோம்.

எங்க பெரியப்பா மயிலாப்பூர்ல கல்யாணங்களுக்கு உக்கிராணம் பாத்துக்கிட்டவர். தெரியாதவங்களுக்கு: கல்யாண மண்டபத்துல அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாத்தையும் பூட்டி வெக்கற அறைதான் உக்கிராணம். சாவி பெரியப்பா இடுப்புல. சமையக்காரர் கேக்கக் கேக்க அளந்து கொடுக்கணும். வாசல் ஒண்ணுதான், அதுவும் குறுகல். அவர் அடிக்கடி சொல்வார், "சமையல் லேட்டானா எல்லாரும் சமையக்காரனைத் திட்டுவான். உக்கிராண வாசல்ல எத்தனை பேர் நிக்கறான்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்."

ப்ராசஸர்தான் சமையக்காரர். மெமரி உக்கிராணம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த வாசல்தான் பஸ். சமையக்காரர் எவ்வளவு வேகமான ஆளா இருந்தாலும், பருப்பு வந்தாத்தான் சாம்பார்.

இப்ப கணக்கைப் பாருங்க. எங்க பழைய பென்டியம் 4-ல வாசல் 800 மெகாஹெர்ட்ஸ், ஒரு தடவைக்கு 8 பைட். பெருக்கினா செகண்டுக்கு 6.4 கிகாபைட். ஒத்தை ஆளுக்கு முழு வாசல். நான் வாங்கச் சொன்ன நாலு சிப் பெட்டியில வாசல் 400 மெகாஹெர்ட்ஸ். செகண்டுக்கு 3.2 கிகாபைட். அதை நாலு பேரும் பங்கு போட்டுக்கணும். ஆளுக்கு 0.8!

அதாவது எட்டு லட்சம் கொடுத்து நாலு சமையக்காரரைக் கூட்டிட்டு வந்து, இருந்த வாசலைப் பாதியாக் குறுக்கிக் கட்டியிருக்கேன். ஒரே த்ரெட் ஓடினாக்கூடப் பழைய பெட்டியை விட மெதுவா ஓடினது ஏன்னு இப்பப் புரியுதா? அந்தத் தம்பியோட முதல் ரெண்டு வரியிலயே விடை இருந்திருக்கு.

அப்ப இன்டெல்காரங்க முட்டாள்களான்னு கேக்காதீங்க. ஒரே பஸ்ஸுல நாலு சிப்பைக் கோத்தா மின் சுமை கூடும், கம்பி நீளமாகும், சிக்னல் மங்கும். அதனால வேகத்தைக் குறைச்சுத்தான் ஓட்ட முடியும். அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் 2 எம்பி, 4 எம்பின்னு பெரிய கேஷ் வெச்சாங்க. கேஷ்னா சமையக்காரர் பக்கத்துலயே வெச்சுக்கற அஞ்சறைப் பெட்டி. திரும்பத் திரும்ப ஒரே சாமான் வேணும்னா வாசலுக்குப் போகவே வேண்டாம். பல டேட்டாபேஸ் வேலைக்கு அது போதும். எங்க வேலை அப்படி இல்லை. கோடிக்கணக்கான அழைப்பு விவரம், ஒவ்வொண்ணும் ஒரே தடவை வரும், போகும். அஞ்சறைப் பெட்டியில வெச்சு ஒண்ணும் பிரயோஜனம் இல்லை. எந்த வேலைக்கு எந்தப் பெட்டின்னு பாக்காம வாங்கினது நான்.

சரி, மூணை விட நாலு ஏன் மெதுவா ஓடுச்சு? இதுல கோடுக்கும் ஒரு பங்கு உண்டு, மறைக்காம சொல்லிடறேன்.

நாலு சமையக்காரர் இருக்காங்க. ஆளுக்கு எத்தனை படி வடிச்சோம்னு எழுதி வெக்கணும். நாலு பேருக்கும் பொதுவா ஒரே சிலேட்டு, அதுல நாலு கட்டம். அவரவர் கட்டத்துல அவரவர் எழுதறார். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குத் தேவையே இல்லை. ஆனா எழுதணும்னா சிலேட்டைக் கையில எடுத்தாகணுமே! ஒருத்தர் எடுத்தா மத்தவங்களுக்கு இல்லை. சிலேட்டு கை மாறிக்கிட்டே இருக்கும், சமையல் நிக்கும்.

கேஷ்ல நடக்கறதும் இதேதான். மெமரியை ப்ராசஸர் ஒவ்வொரு பைட்டா எடுக்கறதில்லை, ஒரு வரிசையா மொத்தமா எடுக்கும். 64 பைட்னு வெச்சுக்கங்க. தம்பி நாலு த்ரெட்டுக்கும் நாலு கவுன்ட்டர் வெச்சிருந்தான், அடுத்தடுத்து. நாலு நாலு பைட், மொத்தம் 16. நாலுமே ஒரே வரிசைக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஒரு சிப் தன் கவுன்ட்டரைக் கூட்டும்போதெல்லாம், 'உங்ககிட்ட இருக்கற நகல் செல்லாது'ன்னு மத்த மூணு சிப்புக்கும் சேதி போகும். அந்தச் சேதி போறதும் அதே குறுகல் வாசல் வழியாத்தான்! நாலாவது ஆள் வந்ததும் சமையலை விட சிலேட்டுச் சண்டை ஜாஸ்தியாயிடுச்சு.

இதுக்கு மருந்து ரொம்பச் சின்னது. ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் நடுவுல கொஞ்சம் வெத்திடம் விட்டு, தனித்தனி வரிசைக்குத் தள்ளிடணும். ஆளுக்கொரு சிலேட்டு. பத்து நிமிஷ வேலை. காலேஜ்ல இருந்து நேரா வந்த பையனுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும். சொல்லிக் கொடுக்கற இடத்துல இருந்தவன் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ கப்ருவைத் திரும்பப் பாப்போம். நான் 288ங்கற நம்பரை மட்டும் பாத்தேன்னு சொன்னேன் இல்லையா? பாக்க வேண்டிய நம்பர்கள் வேற.

முதல் நம்பர் 2. அவங்க 288 பேரை ஒரே கூடத்துல அடைக்கல. 144 தனித்தனிச் சமையக்கட்டு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டே பேர், அவங்களுக்குன்னு ஒரு உக்கிராணம். வாசல் 533 மெகாஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 4.2 கிகாபைட்டுக்கு மேல. ஆளுக்கு 2.1. என் பெட்டியில ஆளுக்குக் கிடைச்சதைப் போல ரெண்டரை மடங்கு. நாலு சிப் பெட்டியா வாங்கியிருந்தா பெட்டி எண்ணிக்கை பாதியாகியிருக்கும், ஆனா வாசலும் பாதியாகியிருக்கும்.

ரெண்டாவது நம்பர் 6, 6, 4. தனித்தனிச் சமையக்கட்டுன்னா, ஒண்ணுல வெந்தது இன்னொண்ணுக்கு எப்படிப் போகும்? பெட்டிகளை ஒண்ணோட ஒண்ணு கோக்கணும். இங்கதான் அவங்க யோசிச்சிருக்காங்க. எல்லாக் கம்பியையும் கொண்டுபோய் நடுவுல ஒரு பெரிய ஸ்விட்ச்சுல செருகாம, எஸ்சிஐங்கற கார்டைப் போட்டுப் பக்கத்துப் பெட்டியோட நேரடியாக் கோத்துட்டாங்க. நீளத்துல 6, அகலத்துல 6, உயரத்துல 4. பெருக்கினா 144. ஒவ்வொரு வரிசையோட கடைசிப் பெட்டியும் முதல் பெட்டியோட சேந்து ஒரு வளையமாயிடும். முப்பரிமாண டோரஸ்னு பேரு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு பக்கத்து வீடு. 

ஏன் இந்த அமைப்பு? அவங்க வேலை அப்படி. என்.டி. ஹரி தாஸ் மாதிரியான இயற்பியலாளர்கள் அங்க இதை முக்கியமா வெச்சிருந்தது லேட்டிஸ் க்யூசிடிங்கற கணக்குக்கு. அணுக்கருவுக்குள்ள குவார்க்குகள் எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குங்கறதைக் கண்டுபிடிக்கறது. வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சுப்பாங்க. ஒவ்வொரு புள்ளியும் தனக்குப் பக்கத்துப் புள்ளிகளோட மட்டும்தான் பேசும். வேலையே பக்கத்து வீட்டோட பேசற வேலை, அதனால கம்பியும் பக்கத்து வீட்டுக்கே போகுது. இதைவிடப் பொருத்தமா என்ன வேணும்!

இதுல இன்னொரு நுணுக்கம். புள்ளிகளைப் பங்கு போட்டுக் கொடுக்கறப்ப, ஒரு பெட்டிக்கு 8க்கு 8க்கு 8 கனசதுரம் கொடுத்தா மொத்தம் 512 புள்ளி. அதுல விளிம்புல இருக்கறது 296. பாதிக்கு மேல வெளிய பேசியே ஆகணும். அதையே 16க்கு 16க்கு 16-ஆக் கொடுத்தா 4,096 புள்ளி, விளிம்புல 1,352. மூணுல ஒரு பங்குதான். (அவங்க கணக்கு நாலு பரிமாணம். புரியறதுக்காக மூணுல சொல்றேன்.) ஆளுக்கு அள்ளிக் கொடுத்தா பேச்சு குறையும், கிள்ளிக் கொடுத்தா பேச்சே வேலையாயிடும். பெட்டி எத்தனைங்கறதை விட, ஒரு பெட்டிக்கு எவ்வளவு வேலைங்கறதுதான் முக்கியம்.

மூணாவது நம்பர் 1.382. கப்ருவோட எல்லா சிப்பும் ஒரு நொடிகூட நிக்காம ஓடினா வரக்கூடிய உச்ச வேகம் 1.382 டெராஃப்ளாப். உண்மையா ஓட்டிக் காட்டினது 1.002. கிட்டத்தட்ட 72 சதவீதம். 288 பேரை வேலைக்கு வெச்சு 72 சதவீதம் வேலை வாங்கறதுன்னா சும்மாவா? நாலு பேரை வெச்சு நான் என்ன வாங்கினேன்னு மேலயே பாத்துட்டீங்க.

சூட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு சிப்புக்கு 65 வாட்னு வெச்சாக்கூட 288 சிப்புக்கு 18 கிலோவாட்டுக்கு மேல. அது அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும். அதை மட்டும் வெளியேத்தவே ஒன்றரை டன் ஏசி நாலு வேணும். மெமரி, டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் தனி. நம்ம தரமணி மே மாசத்துல! 2004 மே மாசம் இன்டெலே சூட்டுக்குப் பயந்து 'தேஜஸ்'னு வெச்சிருந்த அடுத்த பென்டியம் திட்டத்தைக் கைவிட்டுட்டு, ஒரே சிப்புக்குள்ள ரெண்டு கோர்ங்கற பாதைக்குத் திரும்பினாங்க. அன்னிக்கு ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த தலைவலி, அதுக்கப்புறம் நம்ம எல்லார் மேசைக்கும் வந்துருச்சு. இப்ப சட்டைப் பைக்குள்ள எட்டுக் கோர் போன்.

அடுத்த கேள்வி, வாசலை அகலமாக்கிட்டாப் போதுமா? அதுவும் போதாது. 1967-லயே ஆம்தால்ங்கறவர் சொல்லிட்டார். வேலையில பத்துல ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாதுன்னு வெச்சுக்கங்க. நாலு பேர் வந்தா நாலு மடங்கு வேகம் வராது, மூணு மடங்குதான். 288 பேர் வந்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. தாலி கட்டற நேரத்தை எத்தனை புரோகிதர் வந்தாலும் குறைக்க முடியாது இல்லையா, அது மாதிரி. "ரெண்டு மணி நேரமாயிடும்"னு நான் மேனேஜர்கிட்ட சொன்னப்ப, இந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பாக்கல.

வாசல் பிரச்சினைக்கு அப்பவே கடையில ஒரு வழி இருந்தது. 2003 ஏப்ரல்ல ஏஎம்டி கம்பெனி ஆப்டெரான்னு ஒண்ணு விட்டாங்க. ஒவ்வொரு சிப்புக்கும் சொந்தமா ஒரு உக்கிராணம், சொந்த வாசல். நாலு சிப் போட்டா நாலு வாசல். அடுத்தவர் உக்கிராணத்துல இருந்து எடுக்கணும்னா மட்டும் கொஞ்சம் நடக்கணும், அதுக்குத் தனி இணைப்பு. இன்டெலும் 2008-ல அந்த வழிக்குத்தான் வந்தாங்க. நான் படிச்சு வயித்தைக் கலக்கின சேதி அதுதான். இன்னிக்கும் கதை முடியல. 2022-ல வந்த ஏஎம்டி சர்வர் சிப்புல 96 கோர், 12 மெமரி சானல். ஒரு வாசலுக்கு எட்டு சமையக்காரர். ஆள் கூடக் கூட வாசலும் கூடிக்கிட்டே வரணும், வேற வழியில்லை.

இதெல்லாம் புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு வாரம் யோசிச்சேன். அந்தத் தம்பி நம்பர் யார்கிட்டயோ கேட்டு வாங்கினேன். வாங்கி வெச்சு, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கூப்பிட்டேன். 2009 ஆரம்பம். பெங்களூருல ஒரு சிப் கம்பெனியில இருக்கான்னு சொன்னாங்க.

"நான்தான்பா பேசறேன்"னேன்.

"சொல்லுங்கண்ணா." குரல்ல ஆச்சரியமும் இல்லை, கோவமும் இல்லை.

சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். பெட்டி தப்பு, வாங்கச் சொன்னது நான், மீட்டிங்ல நான் பேசியிருக்கணும், பேசல. உன் பேப்பரை நான் பாக்கவே இல்லைன்னு எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் கேட்டான், "அதுல எத்தனை பஸ்ணா இருந்துச்சு?"

"ஒண்ணுதான் தம்பி."

"எனக்கு அப்ப சரியாத் தெரியலண்ணா. சந்தேகம்தான். தெரிஞ்சிருந்தா நானே மீட்டிங்ல சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திட்டு, "கவுன்ட்டர் தப்பு என்னோடதுதாண்ணா, பின்னால கண்டுபிடிச்சேன்"ன்னான்.

"அதையும் நான்தான்பா சொல்லிக் கொடுத்திருக்கணும்."

"பரவால்லண்ணா"ன்னு சொன்னான். ஆனா அந்த 'பரவால்ல' உடனே வரல. அந்த ஒரு வருஷம் வேலை இல்லாம ஊர்ல இருந்தானாம். அவங்க அப்பா, "மெட்ராஸ்ல எல்லாரும் பொழைக்கறான், உன்னால முடியலையா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். சாதாரணமாத்தான் சொன்னான். எனக்குத்தான் போனைப் பிடிச்சிருந்த கை வேர்த்துப் போச்சு. மன்னிச்சுட்டேன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

வெக்கறதுக்கு முன்னால, "அந்தப் பேப்பர் இருக்காண்ணா இன்னும்?"னான்.

"இருக்குப்பா."

"ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. என் டீமுக்குப் புதுசா வர்ற பசங்களுக்குக் காட்டணும். எல்லாரும் வந்த உடனே எத்தனை கோருன்னுதான் கேக்கறாங்க."

அனுப்பினேன். ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கு. மடிப்புல கிழிஞ்சு போச்சு, பின்பக்கம் டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.

இப்பவும் தரமணிப் பக்கம் போனா மேட்சயின்ஸ் வாசலைத் தாண்டறப்ப ஒரு நிமிஷம் அந்தப் பேப்பர் ஞாபகம் வரும். அந்த மதில் சுவருக்கு உள்ள இருந்தவங்க, வேலை என்னன்னு முதல்ல பாத்து, அதுக்குத் தக்கபடி கம்பி இழுத்தாங்க. வெளிய டீ குடிச்சுக்கிட்டு நின்ன நான் தலையை மட்டும் எண்ணினேன். ரெண்டு இடத்துக்கும் நடந்து போற தூரம்தான்.

ஆபீஸ்ல இப்பவும் வேலை லேட்டானா "இன்னும் ரெண்டு பேரைப் போடுங்க"ன்னு யாராவது சொல்வாங்க. முன்னெல்லாம் நானும் தலையாட்டுவேன். இப்ப முதல்ல கேக்கறது, 'இருக்கறவங்க எங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க?' புதுசா வந்த பசங்க யாராவது ஒரு பேப்பரை நீட்டினா, அங்கயே நின்னு கடைசி வரி வரைக்கும் படிச்சுடறேன். பென்சில்ல எழுதியிருந்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்கறேன்.

டிஸ்கி: பெரியப்பா இப்ப இல்லை. கப்ரு பத்தியெல்லாம் அவர்கிட்ட சொல்ல வாய்ப்புக் கிடைக்கல. கிடைச்சிருந்தா, "144 உக்கிராணமா? சாவியெல்லாம் யாருடா வெச்சிருந்தா?"ன்னுதான் கேட்டிருப்பார்.